பூட்டுச் சின்னம் சொல்லாமல் விடுவது: செய்திச் செயலி வடிவமைப்பு குறித்த கேள்வி பதில்

செய்திச் செயலிகளின் திரைகளைப் பல ஆண்டுகளாக வடிவமைத்துவரும் உறுப்பினர் ஒருவர், பிற உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: வணக்கம் அம்மா. கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்காக ஒரு செய்திச் செயலி உருவாக்கி வருகிறோம். ஒவ்வொரு செய்தியின் அருகிலும் ஒரு பூட்டுச் சின்னம் இருந்தால் மக்களுக்கு நம்பிக்கை வரும் என்கிறார் சங்கத் தலைவர். அப்படி வைக்கலாமா?

பதில்: வணக்கம். வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நம்பிக்கை வரும்தான், ஆனால் எதன்மீது வரும் என்பதை நாம் கட்டுப்படுத்த முடியாது. குரோம் உலாவியின் முகவரிப் பட்டையில் நெடுங்காலம் இருந்த பூட்டை 2023 செப்டம்பரில் கூகுள் நீக்கியது. இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது, அதாவது நடுவில் பார்ப்பவருக்குப் புரியாதபடி மாற்றப்பட்டுள்ளது, என்பதை மட்டுமே அந்தப் பூட்டு குறித்தது. தளத்தை நடத்துபவர் நேர்மையானவரா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் 2021இல் கூகுள் நடத்திய ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 11 விழுக்காட்டினர் மட்டுமே அதன் பொருளைச் சரியாக அறிந்திருந்தனர். போலித் தளங்களும் அதே பூட்டைக் காட்டின என்பதை நினைத்தால், அந்தத் தவறான புரிதல் யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்பது விளங்கும். நான் நடத்திய ஒரு சோதனை அமர்வில் முதியவர் ஒருவர், பூட்டுப் போட்டிருப்பதால் அந்த உரையாடலைத் திறக்கத் தமக்கு அனுமதியில்லை என்று எண்ணி, போனை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உங்கள் செயலியில் எல்லாச் செய்திகளும் மறையாக்கம் செய்யப்படுமானால், எங்கும் ஒரே மாதிரி தோன்றும் சின்னம் சில நாட்களில் கண்ணுக்குப் படாமல் போகும். சில செய்திகள் மட்டுமே மறையாக்கம் செய்யப்படுமானால் நிலைமை இன்னும் மோசம். ஆண்ட்ராய்டில் சிக்னல் செயலி ஒரு காலத்தில் சாதாரண எஸ்.எம்.எஸ். செய்திகளையும் அனுப்பியது, அனுப்பும் பொத்தான் நீலமாக இருந்தால் ஒரு பொருள், சாம்பல் நிறமாகத் திறந்த பூட்டுடன் இருந்தால் வேறொரு பொருள். ஒரே பெட்டியில் இரண்டு வகைச் செய்திகள் கலந்து கிடப்பது பயனர்களைக் குழப்புகிறது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, எஸ்.எம்.எஸ். வசதியையே நீக்கப்போவதாக 2022 அக்டோபரில் சிக்னல் அறிவித்தது. பலர் கோபப்பட்டார்கள், ஆயினும் அம்முடிவு சரி என்றே நான் இன்றும் நினைக்கிறேன். டெலிகிராம் செயலியில் இருமுனை மறையாக்கம் (அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர, செயலி நிறுவனத்தாலும் படிக்க முடியாதபடி செய்வது) வேண்டுமானால் 'இரகசிய உரையாடல்' என்பதைத் தனியே தொடங்க வேண்டும். சாதாரண உரையாடல்களுக்கு அது கிடையாது. அந்த வேறுபாட்டை அறியாமலேயே அதைப் பயன்படுத்துவோரை நான் அடிக்கடி சந்திக்கிறேன். ஆகவே பாதுகாப்பான வழியை மட்டுமே செயலியில் வையுங்கள். அது இயலாதபோது, பாதுகாப்பற்ற செய்தியின் மேல் அதைச் சொற்களால் எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி: உரையாடலின் தொடக்கத்தில் வாட்ஸ்அப் காட்டும் மறையாக்கக் குறிப்பைப் படித்துவிட்டு, 'இதை யாராலும் பார்க்க முடியாது' என்று நம்பி என் தந்தை ஆதார் நகலை முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்பிவிட்டார். குறிப்பை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பதில்: உங்கள் தந்தையின் மேல் குறை காண முடியாது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லா உரையாடல்களுக்கும் இருமுனை மறையாக்கத்தைக் கொண்டுவந்தபோது, நூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் எந்த அமைப்பையும் மாற்றாமல் அந்தப் பாதுகாப்பைப் பெற்றார்கள். அது மிகப் பெரிய சாதனை. ஆனால் மறையாக்கம் காப்பது வழியை மட்டுமே. போய்ச் சேரும் இடத்தை அது காப்பதில்லை. பெறுபவர் படம் பிடித்துக்கொள்ளலாம், வேறொருவருக்கு அனுப்பலாம், அவரே மோசடிக்காரராகவும் இருக்கலாம். பழைய செய்திகளைச் சேமித்துவைக்கும் காப்புப் பிரதிக்கு மறையாக்கம் செய்யும் வசதி 2021இல்தான் வந்தது. அதையும் பயனரே இயக்கிக்கொள்ள வேண்டும்.

தொழில்நுட்பப் பெயரை விட்டுவிட்டு, யார் படிக்கலாம், யார் படிக்க முடியாது என்று ஆட்களைச் சொல்லி எழுதுவதே நல்லது. 'இதில் உள்ளவர்கள் மட்டுமே இச்செய்திகளைப் படிக்க முடியும். எங்கள் நிறுவனத்தாலும் படிக்க முடியாது' என்பது முதல் வாக்கியம். 'நீங்கள் அனுப்புவதைப் பெறுபவர் சேமிக்கலாம், பிறருக்கும் அனுப்பலாம்' என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது வாக்கியத்தை வைக்க விற்பனைப் பிரிவினர் எப்போதும் தயங்குவார்கள். நான் அதற்காக ஒவ்வொரு முறையும் வாதாடியிருக்கிறேன். மேலும், அது உரையாடலின் உச்சியில் கிடந்தால் போதாது. தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்ணுக்கு முதல் முறையாக ஓர் ஆவணத்தை அனுப்பும் அந்தக் கணத்தில் தோன்ற வேண்டும்.

கேள்வி: சிக்னல் போன்ற செயலிகளில் பாதுகாப்பு எண் என்று 60 இலக்கங்கள் காட்டப்படுகின்றன. உண்மையில் அதை யார் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்? அதை எடுத்துவிட்டால் என்ன?

பதில்: மிகச் சிலரே ஒப்பிடுகிறார்கள். ஆனாலும் எடுத்துவிடக் கூடாது. அந்த 60 இலக்கங்களில் 30 உங்கள் சாவியிலிருந்தும் (மறையாக்கத்துக்காகச் செயலி உருவாக்கும் நீண்ட எண்) 30 எதிரில் இருப்பவரின் சாவியிலிருந்தும் பெறப்பட்டவை. இருவர் திரையிலும் ஒரே எண் தெரிந்தால் நடுவில் வேறொருவர் நுழையவில்லை என்று பொருள். ஒரு பத்திரிகையாளருக்கும் அவருக்குத் தகவல் தருபவருக்கும் இது உயிர்ப் பிரச்சினை. மற்றவர்களுக்கு இது அன்றாடத் தேவை அன்று.

பயனரின் தோளில் முழுச் சுமையையும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை 1999இலேயே ஆய்வாளர்கள் அல்மா விட்டனும் ஜே.டி. டைகரும் காட்டிவிட்டார்கள். மின்னஞ்சலை மறையாக்கம் செய்யும் பி.ஜி.பி. 5.0 மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து 90 நிமிட நேரமும் அளித்தார்கள். மூன்றில் ஒரு பங்கினரே மின்னஞ்சலைச் சரியாகக் கையொப்பமிட்டு மறையாக்கம் செய்தனர். மூவர் இரகசியத்தை மறையாக்கமே இல்லாமல் அனுப்பிவிட்டனர். பொது சாவி, தனிச் சாவி என்ற உருவகங்களைப் புரிந்துகொண்டால்தான் மென்பொருளைப் பயன்படுத்த முடியும் என்ற நிலையே அந்தத் தோல்விக்கு முக்கியக் காரணம்.

இதன் மறுபக்கமும் உண்டு. எதிரில் இருப்பவர் போனை மாற்றினால் அவருடைய சாவியும் மாறும். அப்போது, இன்னும் போய்ச் சேராத செய்திகளை வாட்ஸ்அப் புதிய சாவியைக் கொண்டு தானாகவே மீண்டும் அனுப்பும். எச்சரிக்கை வேண்டுமானால் பயனர் அதை இயக்கி வைத்திருக்க வேண்டும். இதனை 2017 ஜனவரியில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 'பின்வாசல்', அதாவது பிறர் செய்திகளைப் படிக்க விடப்பட்ட மறைவழி, என்று எழுதியது. சமூகவியலாளர் செய்னெப் துஃபெக்சி முன்னெடுத்த திறந்த மடலில் பாதுகாப்பு வல்லுநர்கள் பலர் கையொப்பமிட்டு, இது வடிவமைப்பில் செய்துகொண்ட ஒரு சமரசம் என்றும், அச்செய்தி மக்களைப் பாதுகாப்புக் குறைந்த வழிகளுக்குத் தள்ளும் என்றும் எதிர்த்தார்கள். அதே ஆண்டு ஜூனில், செய்தியில் குறைகள் இருந்ததை வாசகர் புகார்களை விசாரிக்கும் நாளிதழின் வாசகர் ஆசிரியர் ஒப்புக்கொண்டார். வடிவமைப்பாளர் எடுக்கும் சிறிய முடிவும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நான் செய்வது இதுதான்: எண்ணை உள்ளே ஓரிடத்தில் வைத்து, கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்வதை முதன்மை வழியாக்குகிறேன். சாவி மாறும்போது, 'இவர் புதிய போனிலோ புதிதாக நிறுவிய செயலியிலோ இருந்து வருகிறார். பணம் அல்லது இரகசியம் பற்றிப் பேசுவதாக இருந்தால் முதலில் அழைத்து, குரலைக் கேளுங்கள்' என்று எழுதுகிறேன்.

கேள்வி: அந்த அறிவிப்பைச் சிவப்பு நிறத்தில் காட்டலாமா?

பதில்: கூடாது. சாவி மாற்றங்களில் பெரும்பாலானவை புதிய போன் வாங்கியதால் நிகழ்பவை. அவற்றுக்கெல்லாம் சிவப்பைச் செலவிட்டால், உண்மையான ஆபத்து வரும் நாளில் காட்ட நிறம் மிஞ்சாது.

கேள்வி: ஆசிரியர் சங்கக் குழு ஒன்றின் நிர்வாகி நான். எங்கள் உறுப்பினர் ஒருவர் ஏதோ குறியீட்டை ஸ்கேன் செய்ததிலிருந்து அவருடைய செய்திகளை வேறு யாரோ படிக்கிறார்கள். மறையாக்கம் உடைந்துவிட்டதா?

பதில்: உடையவில்லை. மோசடிக்காரரின் கணினி உங்கள் உறுப்பினரின் கணக்கின் இணைந்த சாதனமாகச் சேர்ந்துவிட்டது. அதனால் செய்திகள் முறைப்படியே அதற்கும் போகின்றன. ரஷ்யச் சார்புக் குழுக்கள் குழு அழைப்பைப் போலத் தோன்றும் கியூ.ஆர். குறியீடுகளைக் கொண்டு சிக்னல் கணக்குகளை இவ்வாறு கைப்பற்றியதை 2025 பிப்ரவரியில் கூகுளின் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். உடனே அமைப்புகளுக்குள் சென்று, இணைந்த சாதனங்களின் பட்டியலில் தெரியாத எதையும் வெளியேற்றச் சொல்லுங்கள்.

வடிவமைப்பாளர்களுக்கு ஒரு சொல்: 'சாதனத்தை இணைக்கவா?' என்று கேட்பது போதாது. 'இந்தக் கணினி இனி உங்கள் செய்திகளைப் படிக்கும், உங்கள் பெயரில் அனுப்பும்' என்று விளைவை எழுத வேண்டும்.

கேள்வி: செயலிகளைத் தமிழாக்கும் தன்னார்வலன் நான். எச்சரிக்கைகளை மொழிபெயர்க்கும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளமானவை, நம் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. திரையில் வரி வெட்டுப்படும்போது முதலில் மறைவது 'வேண்டாம்', 'முடியாது' என்ற சொற்களே. 'இந்தக் குறியீட்டை யாரிடமும் பகிர...' என்று நின்றுபோன அறிவிப்பை நானே பார்த்திருக்கிறேன். முடிவுச் சொல்லுக்கு இடம் ஒதுக்கும்படி நிரலாளரிடம் வலியுறுத்துங்கள். பொத்தானில் 'சரி' என்று எழுதாமல், 'இணைக்காதே', 'இணை' என்று செயலையே எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் திரைகள் புரிகின்றனவா என்று எப்படிச் சோதிப்பது? கருத்துக்கணிப்பு போதுமா?

பதில்: 'பாதுகாப்பாக உணர்கிறீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். அந்த விடையால் உங்களுக்குப் பயனில்லை. அதற்குப் பதிலாக, 'இந்தச் செய்தியை யார் யார் படிக்க முடியும்?' என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஐந்தாறு பேருக்கு ஒரு வேலையைக் கொடுங்கள்: குழுவில் உள்ளவர்களுக்கு ஓர் இரகசியத்தை அனுப்ப வேண்டும், ஆனால் குழுவில் தெரியாத ஒருவரை நீங்கள் முன்பே சேர்த்திருக்க வேண்டும். 2025 மார்ச்சில் அமெரிக்க உயர் அதிகாரிகளின் சிக்னல் குழுவில் அட்லாண்டிக் இதழின் ஆசிரியர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டபோது, அவர் அங்கே இருந்ததை மற்றவர்கள் கவனிக்கவே இல்லை. உங்கள் சோதனையிலும் அனுப்புவதற்கு முன் ஒருவராவது உறுப்பினர் பட்டியலைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். யாரும் பார்க்கவில்லையென்றால், புதிதாகச் சேர்ந்தவரின் பெயரை, செய்தி எழுதும் பெட்டிக்கு மேலேயே காட்டும்படி திரையை மாற்றி, வேறு ஐந்தாறு பேரைக் கொண்டு மீண்டும் சோதியுங்கள்.