வயலுக்கா வரி, மிச்சத்துக்கா வரி?

கிளிநொச்சிப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் அறிவித்தல் பலகையில், "வருமான வரி பற்றி எதையும் கேட்கலாம்" என்று எழுதிவைத்தார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பெயர் எழுதப் பலரும் தயங்கினார்கள். அதனால் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன். கணக்குகள் எல்லாம் இலங்கையில் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி.

பரந்தன், விவசாயி: பத்து ஏக்கர் செய்கிறேன். காலபோக நெல்லை 20 இலட்சத்துக்கு விற்றேன். பணம் வங்கியில் இருக்கிறது. விவசாயிக்கு வரி இல்லைதானே?

உங்களுக்கு வரி வராது, அண்ணா. ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்தால் அல்ல.

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி போடாத நாடு இந்தியா. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு அதையே நம் சட்டம் என்று நம்புகிறவர்கள் இங்கே நிறைய. நம் நாட்டிலும் 2019 ஏப்ரலில் இருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு விலக்கு இருந்தது. அது 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இப்போது நெல்லும் ஒரு தொழில், பலசரக்குக் கடையைப் போல.

உங்களைக் காப்பாற்றுவது வேறு இரண்டு விடயங்கள். முதலாவது, வரி விற்ற காசுக்கு இல்லை, மிஞ்சிய காசுக்குத்தான். உழவு, விதைநெல், உரம், களைநாசினி, வெட்டு இயந்திரக் கூலி, காணிக் குத்தகை எல்லாவற்றையும் கழிக்கலாம். 20 இலட்சத்தில் 12 இலட்சம் செலவென்றால் வருமானம் 8 இலட்சம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கிடைத்துச் சிறுபோகத்தில் இன்னொரு 4 இலட்சம் மிஞ்சினாலும் மொத்தம் 12 இலட்சம்தான். இரண்டாவது, ஆண்டுக்கு 18 இலட்சம் வரை எவருக்கும் வரி இல்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வரவு வங்கிப் புத்தகத்தில் அச்சாகக் கிடக்கிறது. செலவு உங்கள் மனதில் மட்டும் இருக்கிறது. நாளைக்கு ஓர் அதிகாரி கேட்டால் 20 இலட்சத்தைத்தான் அவர் காண்பார். ஒரு கொப்பி வாங்குங்கள். உரக்கடைத் துண்டுகளை அதற்குள் ஒட்டிவையுங்கள். உழவு இயந்திரம் வாங்கிய விலையை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. ஆண்டுகளுக்குப் பிரித்துத்தான் கழிக்க வேண்டும். உங்கள் சொந்த உழைப்புக்குக் கூலி எழுதக் கூடாது. மகளின் சாமத்தியச் சடங்குச் செலவை உரச் செலவோடு சேர்த்து எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார் ஒருவர். அதுவும் கூடாது.

கிளிநொச்சி, வைத்தியர்: மாதம் இரண்டரை இலட்சம் எடுக்கிறேன். சம்பளம் கைக்கு வருமுன்னே வரியை வெட்டிவிடுகிறார்கள். எதிரே இருக்கும் கடைக்காரர் என்னைவிடக் கூட உழைக்கிறார், ஒரு சதமும் கட்டுவதில்லை. இது என்ன நியாயம்?

முதலில் கணக்கு. ஆண்டுக்கு 30 இலட்சம். அதில் 18 இலட்சத்தைக் கழித்தால் மிச்சம் 12 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அது 60,000. அடுத்த 2 இலட்சத்துக்கு 18 வீதம், அது 36,000. மொத்தம் 96,000, மாதம் 8,000 ரூபா. இதே சம்பளத்துக்கு 2023இல் மாதம் 21,000 வெட்டியிருப்பார்கள். அப்போது வரியில்லா எல்லை 12 இலட்சமாக இருந்தது. 2021இல் ஒரு சதமும் இல்லை. எல்லை 30 இலட்சம்.

ஒரே ஆள், ஒரே சம்பளம், ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று கணக்கு. வரி கட்டுகிறவர் யார், கட்டாதவர் யார் என்பது ஆளைப் பொறுத்ததல்ல, எல்லைக் கோட்டை எங்கே கீறுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2020 தொடக்கத்தில் அந்தக் கோட்டை 5 இலட்சத்தில் இருந்து 30 இலட்சத்துக்கு ஏற்றினார்கள். அரசின் வரி வருமானம் சரிந்தது. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு சர்வதேச நாணய நிதியத்தின் முன் உட்கார்ந்து கோட்டைக் கீழே இறக்கினார்கள். அந்த இறக்கம்தான் உங்களுக்கு வலித்தது.

கடைக்காரருக்கும் சட்டம் ஒன்றுதான். 18 இலட்சத்துக்கு மேல் இலாபம் இருந்தால் அவரும் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தை வேறொருவர் எண்ணி, வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறார். கடைக்காரரின் இலாபத்தை அவரேதான் எண்ணி, அவரேதான் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு நான்கு தவணையாகக் கட்டி, நவம்பர் 30க்குள் வருமான விவரத் திரட்டும் கொடுக்க வேண்டும். சொல்லாதவரைத் தேடிப் பிடிக்க, வரி வாங்கும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு ஆள் போதாது. இதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்குள் குவிந்திருக்கும் சாமான்களைப் பார்த்து இலாபத்தை மதிப்பிடாதீர்கள். பாதி கடனுக்கு எடுத்ததாக இருக்கும். அரச ஊழியர் என்ற முறையில் உங்களுக்கு ஒரு பழைய கதையும் சொல்ல வேண்டும்: 2011 ஏப்ரல் வரை அரச சம்பளத்துக்கு வருமான வரியே இருக்கவில்லை. அந்நாளில் கடைக்காரர்கள் கேட்ட கேள்வியைத்தான் இன்று நீங்கள் கேட்கிறீர்கள்.

மாங்குளம், ஓய்வுபெற்ற அதிபர்: ஓய்வூதியமும் நிலையான வைப்பு வட்டியும்தான் எனக்கு வருமானம். வட்டியில் பத்திலொரு பங்கை வங்கி பிடிக்கிறது.

ஐயா, அரச ஓய்வூதியத்துக்கு வரி இல்லை; 18 இலட்சக் கணக்கிலும் அது சேராது. வட்டியில் 10 வீதம் பிடிப்பது 2025 ஏப்ரலில் வந்த விதி. அதற்கு முன் 5 வீதம். ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று சுய பிரகடனப் படிவம் ஒன்றை வங்கியில் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். 20 இலட்சத்தை 8 வீத வட்டிக்குப் போட்டவருக்கு இந்த ஒரு படிவம் ஆண்டுக்கு 16,000 ரூபா. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். சில கிளைகளில் கேட்டால்தான் தருகிறார்கள், கேளுங்கள். ஏற்கனவே பிடித்ததைத் திணைக்களத்திடம் திருப்பிக் கேட்கலாம், ஆனால் அது பொறுமைசாலிகளின் வேலை.

விசுவமடு: கனடாவில் இருக்கும் தம்பி மாதாமாதம் காசு அனுப்புகிறான். அதற்கு வரி உண்டா?

இல்லை. அது அன்பளிப்பு, உழைப்பு அல்ல. அதை வைப்பில் போட்டு வரும் வட்டிதான் உங்கள் வருமானம்.

கிளிநொச்சி, மென்பொருள் எழுதும் இளைஞர்: வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். டொலரில் வருகிறது. அதற்கு வரி இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

தம்பி, நண்பர்கள் பழைய சட்டத்தைச் சொல்கிறார்கள். 2025 மார்ச் 31 வரை அது சரி. இப்போது வரி உண்டு, ஆனால் சலுகையோடு: பணம் வங்கி வழியாக நாட்டுக்குள் வந்தால் உச்ச வீதம் 15தான், மற்றவர்களுக்குப் போல 36 அல்ல. 18 இலட்சக் கழிவு உங்களுக்கும் உண்டு. உங்களுக்காக வரி பிடிக்க இங்கே முதலாளி இல்லை; நீங்களாகவே போய்ப் பதிய வேண்டும்.

ஒட்டுசுட்டான்: வரி இலக்கம் எடுத்தால் வரி கட்டச் சொல்வார்களாமே?

இலக்கம் வேறு, வரி வேறு. அடையாள அட்டை எடுத்தவர் எல்லோரும் வாக்குப் போடுகிறார்களா? வாகனம் பதியவும் நடைமுறைக் கணக்குத் திறக்கவும் அந்த இலக்கத்தைக் கேட்கிறார்கள். எடுத்துவையுங்கள். நகரத்தில் வீட்டுக்குக் கட்டும் சோலை வரியையும் இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். அது உள்ளூராட்சி மன்றத்துக்குப் போவது.

புதுக்குடியிருப்பு, தையல் தொழில்: மாதம் முப்பதாயிரம் வந்தால் பெரிது. "வரி கட்டாத உங்களுக்கு என்ன உரிமை?" என்று ஓர் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்.

அக்கா, நீங்கள் கட்டாதது வருமான வரியை மட்டும்தான். அரிசிக்கும் காய்கறிக்கும் பெறுமதி சேர் வரி இல்லை. சவர்க்காரத்துக்கும் நூலுக்கும் தொலைபேசிக்கும் 18 வீதம் உண்டு. அந்த 18ஐ வைத்தியரிடமும் உங்களிடமும் ஒரே அளவில் வாங்குகிறார்கள். அவருடைய சம்பளத்தில் அது சிறு துண்டு, உங்கள் முப்பதாயிரத்தில் பெரிய துண்டு. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது புளியங்குளத்தில் புலிகள் லொறிகளுக்கு ஆயம் வாங்கினார்களே, நினைவிருக்கிறதா? கட்டியது வியாபாரி, கொடுத்தது சாமான் வாங்கிய நாங்கள். இதுவும் அதே வழிதான். அடுத்த முறை அந்த அலுவலகத்துக்குப் போகும்போது ஒரு கடைப் பற்றுச்சீட்டைக் கொண்டுபோங்கள்.

உருத்திரபுரம்: சீட்டுக் காசு ஐந்து இலட்சம் விழுந்திருக்கிறது. அது வருமானமா?

நீங்கள் போட்ட காசுதான் திரும்பி வந்திருக்கிறது. அதற்கு வரி இல்லை. சீட்டுப் பிடிக்கிற அம்மாவுக்குக் கிடைக்கும் கழிவு மட்டும் அவருடைய வருமானம். அதையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.