நெஞ்சறை அறுவை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் நுரையீரல், உணவுக்குழாய் நோய்களைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, நெஞ்சறை அறுவை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றுப் புதுச்சேரியில் வசிக்கும் மருத்துவர் இங்கே விடையளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. கடலூர் முதுநகரில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கும் தொழில். மூன்று மாதங்களுக்கு முன் இட்லியைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார். இப்போது கஞ்சி மட்டுமே இறங்குகிறது. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் செதிள் அணுப் புற்று என்று தெரிந்தது. நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லையாம். ஆனாலும் உடனே ஆபரேஷன் வேண்டாம், முதலில் கரண்டும் கீமோவும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எடுத்துவிடக் கூடியதை ஏன் தள்ளிப்போட வேண்டும்? கத்தி பட்டால் பரவிவிடும் என்று உறவினர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். குழாயையே எடுத்துவிட்டால் அவர் எப்படிச் சாப்பிடுவார்?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றாவதைத்தான் பலரும் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்கிறார்கள். நீங்கள் முன்கூட்டியே கேட்டது நல்லது.

தள்ளிப்போடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். கதிரும் கீமோவும் தொடங்கும் அன்றே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய தசைக்குழாய். வயிற்றுக் குடலுக்கு இருப்பதைப் போன்ற வெளியுறை அதற்குக் கிடையாது. ஆகையால் புற்று சுவரைத் தாண்டியதும் பக்கத்திலேயே இருக்கும் மூச்சுக்குழலையும் பெருந்தமனியையும் தொட்டுவிடுகிறது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் கட்டியைக் கத்தியால் முழுமையாகப் பிரிப்பது கடினம். முதலில் கதிரும் (நீங்கள் கரண்டு என்று எழுதியது) கீமோ மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகு அறுவை செய்தால் என்ன ஆகும் என்று நெதர்லாந்தில் ஆராய்ந்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை வீதம் ஐந்து வாரம் கீமோ மருந்து, அதே ஐந்து வாரங்களில் 23 முறை கதிர், சில வாரம் ஓய்வு, பிறகு அறுவை என்பது அவர்கள் வகுத்த முறை. நேரடியாக அறுவைக்குப் போனவர்களைவிட இப்படிப் போனவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். உங்கள் தந்தைக்கு இருக்கும் செதிள் அணு வகையில்தான் (குழாயின் உட்பரப்பிலுள்ள தட்டையான அணுக்களில் தொடங்குவது) பலன் மிகத் தெளிவாகத் தெரிந்தது: ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அறுத்தெடுத்த குழாயை நுண்ணோக்கியில் பார்த்தபோது உயிருள்ள புற்றணுவே காணப்படவில்லை. உங்கள் மருத்துவர் சொன்ன வரிசைக்குக் காரணம் இதுதான்.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சை நானும் என் பணிக்காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். ஸ்கேன் வசதி இல்லாத நாளில், உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது என்று திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்; பலருக்கு ஏற்கெனவே முற்றியிருந்தது. திறந்து மூடிய சில மாதங்களில் நோயாளி இறந்துபோனால், ஊர் கத்தியின் மேல் பழி போட்டது. இன்று சி.டி., பெட் ஸ்கேன்கள் எடுத்துப் பரவவில்லை என்று உறுதி செய்த பிறகே அறுவையைப் பற்றிப் பேசுகிறோம்.

இனி அவர் எப்படிச் சாப்பிடுவார் என்ற கேள்விக்கு வருகிறேன். உணவுக்குழாயை எடுத்ததும் இரைப்பையின் ஒரு பக்கத்தை ஸ்டேப்லர் கருவியால் வெட்டித் தைத்து, இரண்டு மூன்று விரல் அகலமுள்ள நீண்ட குழாயாக ஆக்குவார்கள். அதை வயிற்றிலிருந்து நெஞ்சு வழியாக மேலே இழுத்துக் கழுத்தில் மிஞ்சியிருக்கும் உணவுக்குழாய் முனையோடு இணைப்பார்கள். நடுப்பகுதிப் புற்றுக்குப் பெரும்பாலும் வலப்பக்க நெஞ்சு, வயிறு, கழுத்து என்று மூன்று இடங்களில் வேலை நடக்கும். நெஞ்சிலும் வயிற்றிலும் சிறு துளைகளிட்டுக் கேமரா வழியாகச் செய்தால் பிறகு வரும் நுரையீரல் தொற்று குறைகிறது. ஆனால் உள்ளே நடக்கும் அறுவை அதேதான், சின்னத் தழும்பைப் பார்த்துச் சின்ன ஆபரேஷன் என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த அறுவையில் எனக்கு இருந்த பெரிய கவலை அந்தக் கழுத்து இணைப்பு. பத்தில் ஒருவருக்கு என்ற அளவிலாவது அது கசியும். கழுத்தில் கசிந்தால் காயத்தைத் திறந்துவிட்டுச் சில வாரம் காத்திருந்தால் பெரும்பாலும் தானே மூடும்; நெஞ்சுக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். சிலருக்குக் குரல் கம்மும். ஆகவே, இந்த அறுவையை அடிக்கடி செய்யும் இடத்தில் செய்துகொள்ளுங்கள். அப்படிப்பட்ட இடங்களில் இறப்பு குறைவு என்பது பல நாடுகளில் உறுதியான செய்தி. ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வீடு திரும்பியபின் மூன்று வேளைச் சாப்பாடு என்ற பழக்கம் போய்விடும். ஒரு வேளைக்கு ஒரு இட்லி அல்லது ஒன்றரை இட்லி, அதுவும் நான்காகப் பிய்த்து நிதானமாக மென்று, நாளைக்கு ஆறு வேளை. சாப்பாட்டின் நடுவே தண்ணீர் குடிக்காமல் அரைமணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். பாயசம், சர்க்கரை நிறையப் போட்ட காபி போன்றவை வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் படபடப்பும் வியர்வையும் வரும். நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பையில் உணவு மேலே எதுக்களிக்காமல் தடுக்கும் வால்வு கிடையாது என்பதால், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது; கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துங்கள், தலையணையை அடுக்கினால் போதாது. மாதங்கள் போகப் போகக் கொள்ளளவு கூடும். இணைப்பு சுருங்கி மறுபடி அடைத்தால் எண்டோஸ்கோபி வழியாக விரித்துவிடலாம்.

இப்போதைக்கு நீங்கள் கவனிக்க வேண்டியது அவருடைய எடை. மூன்று மாதமாகச் சாப்பாடு குறைந்து கஞ்சியில் வந்து நிற்கும் உடம்பு கதிரையும் கீமோவையும் அறுவையையும் தாங்காது. மூக்கு வழியாகவோ வயிற்றுச் சுவர் வழியாகச் சிறுகுடலிலோ ஒரு டியூப் வைத்து உணவு கொடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். எந்த உணவு, எவ்வளவு என்பதை உணவியல் நிபுணரிடம் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு முறை கொடுத்த பின்பும் டியூபைத் தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். டியூப் வைத்தால் ஆள் முடிந்தார் என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். 1913-ல் நியூயார்க்கில் முதன்முதலாக நெஞ்சு வழியே உணவுக்குழாயை வெற்றிகரமாக அகற்றியபோது, கழுத்துத் துளையையும் வயிற்றுத் துளையையும் உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்தார்கள். நோயாளியான பெண்மணி அந்த ரப்பர் குழாய் வழியாகவே சாப்பிட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

கேள்வி: நெல்லிக்குப்பத்தைச் சேர்ந்த ஆசிரியை நான், வயது 47. வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல்மடலில், வெளி ஓரமாக, 1.6 சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. பயாப்ஸியில் புற்று என்று வந்துவிட்டது. புகைபிடிக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. ஒரு மருத்துவர் மேல்மடல் முழுவதையும் எடுக்க வேண்டும் என்கிறார்; இன்னொருவர் ஒரு பகுதி போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே தவறாகச் சொல்லவில்லை. வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இடதுக்கு இரண்டு. ஒவ்வொரு மடலும் தனித்தனிக் காற்றுக்குழலும் தமனியும் கொண்ட சிறு கூறுகளால் ஆனது. நுரையீரல் புற்று அறுவையின் வரலாறே எவ்வளவு குறைவாக எடுத்தால் போதும் என்ற தேடல்தான். 1933-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் ஒரு முழு நுரையீரலையும் ஒரே அறுவையில் அகற்றினார். நோயாளியும் ஒரு மருத்துவர். அவர் முப்பது ஆண்டு வாழ்ந்தார். புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய 1950-ஆம் ஆண்டு ஆய்வில் பங்குகொண்ட கிரஹாமோ, அதே நோயால் 1957-ல் இறந்துபோனார். அவரும் நெடுங்காலம் புகைபிடித்தவர். பிற்பாடு மடலை மட்டும் எடுத்தால் போதும் என்றானது. அதையும் குறைக்கலாமா என்று பார்த்த ஆய்வு 1995-ல் வந்தபோது, குறைத்தால் நோய் மீண்டும் வருவது கூடுகிறது என்று தெரிந்ததால், நான் பயின்ற காலத்தில் மடல் அகற்றுவதே சட்டம் போல இருந்தது.

அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது ஜப்பானிய ஆய்வு. வெளி ஓரத்தில் 2 சென்டிமீட்டருக்கு மிகாத கட்டியுள்ள 1106 பேரில் ஒரு சாராருக்கு மடலையும் மறுசாராருக்குக் கூறு ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்து, 2022-ல் முடிவைச் சொன்னார்கள். ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் மடல் எடுத்தவர்களில் நூற்றுக்கு 91.1, கூறு எடுத்தவர்களில் 94.3. ஆனால் எடுத்த இடத்தருகே நோய் திரும்பியது மடல் எடுத்தவர்களில் 5.4 விழுக்காடு, கூறு எடுத்தவர்களில் 10.5 விழுக்காடு. இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் முதல் எண்ணை மட்டும் சொல்பவரை நம்பிவிடாதீர்கள். உங்கள் கட்டியின் அளவும் இடமும் கூறு அகற்றலுக்குப் பொருந்துகின்றன. நிணநீர் முடிச்சுகளில் புற்று இருக்கக் கூடாது, கட்டியைச் சுற்றிப் போதிய இடைவெளி விட்டு எடுக்க முடிய வேண்டும் என்ற இரண்டும் அறுவை அரங்கில்தான் உறுதியாகும். மேசையிலேயே முடிச்சை அனுப்பிச் சோதித்துவிட்டு, தேவையானால் மடல் முழுவதையும் எடுக்கலாம் என்று சேர்த்துக் கையெழுத்திடுவது நல்லது. மூச்சுத் திறன் சோதனையில் உங்கள் அளவுகள் நன்றாக இருந்தால், மடலே போனாலும் வகுப்பறையில் நின்று பாடம் நடத்துவதில் குறை வராது. புகைபிடிக்காத பெண்களுக்கும் இந்தப் புற்று வருகிறது. எடுத்த கட்டியில் மரபணுச் சோதனை செய்யச் சொல்லுங்கள், பின்னால் மருந்து தேவைப்பட்டால் அதைத் தேர்ந்தெடுக்க உதவும்.

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறேன். வயது 52. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் டி.பி. வந்து முழுச் சிகிச்சை எடுத்துக் குணமானேன். ஓராண்டாகச் சளியில் ரத்தம் வருகிறது. சென்ற மாதம் அரை டம்ளர் அளவு வந்தது. சளிச் சோதனையில் டி.பி. இல்லை, ஸ்கேனில் பழைய ஓட்டைக்குள் பூஞ்சை உருண்டை இருக்கிறதாம். மாத்திரையில் தீராதா?

பதில்: டி.பி. ஆறியபின் நுரையீரலில் மிஞ்சும் குழியில் காற்றிலிருக்கும் பூஞ்சை குடியேறி, தேங்காய்ப்பூ உருட்டியதுபோல உருண்டையாகச் சேர்கிறது. ரத்த ஓட்டம் இல்லாத இடத்தில் கிடக்கும் அந்த உருண்டைக்குள் மாத்திரை போய்ச் சேர்வது கடினம். உருண்டை அசைய அசையக் குழியின் சுவரிலுள்ள நாளங்கள் அரிபட்டு ரத்தம் கசிகிறது. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த நாளத்தை அடைக்கும் சிகிச்சை ரத்தத்தை நிறுத்தும். ஆனால் பலருக்கு மீண்டும் வரும். அறுவைக்கு முன் கிடைக்கும் அவகாசம் என்றே அதைக் கொள்ள வேண்டும். உங்கள் மீதி நுரையீரல் நன்றாக இருந்தால், குழியுள்ள மடலை அகற்றுவதே நிரந்தரத் தீர்வு. பழைய டி.பி.யால் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப்போயிருக்கும். பிரிக்கும்போது ரத்தம் நிறையப் போகும். பெரும்பாலும் பெரிதாகத் திறந்தே செய்ய நேரும். அரை டம்ளர் வந்திருக்கும்போது வீட்டில் இருந்து யோசிக்கும் நிலையில் நீங்கள் இல்லை. இந்த வாரமே மருத்துவமனையில் சேருங்கள். மறுபடி ரத்தம் வந்தால், ஓட்டை இருக்கும் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். நல்ல பக்கத்து நுரையீரலில் ரத்தம் நிறையாமல் தடுக்க அதுவே வழி.

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கும் 23 வயது மாணவன். சோறும் தண்ணீரும் ஒரே மாதிரி நெஞ்சில் நிற்கின்றன. இரவில் தலையணை நனைகிறது. உணவுக்குழாயின் கீழ் வால்வு திறக்கவில்லை, அக்கலேசியா என்கிறார்கள். வாய் வழியாகச் செய்வதா, வயிற்றில் துளையிட்டுச் செய்வதா?

பதில்: வயிற்று வழியாக அந்த வால்வுத் தசையைக் கீறிவிடும் முறையை 1913-ல் ஜெர்மனியில் ஹெல்லர் செய்தார், எண்டோஸ்கோப்பை வாய் வழியாகச் செலுத்தி உட்சுவருக்குள் சுரங்கம் போலச் சென்று அதே தசையை வெட்டுவதை 2008-ல் ஜப்பானில் இனோவே மனிதரில் முதலில் செய்தார். விழுங்குவதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன. வாய்வழி முறையில் வெளித்தழும்பு இல்லை. ஆனால் பிறகு அமிலம் எதுக்களிப்பது அதிகம். வயிற்று வழியில் இரைப்பையின் மேற்பகுதியை ஓரளவு சுற்றித் தைத்து அதைத் தடுக்கலாம். அழுத்தம் அளக்கும் மானோமெட்ரி சோதனையில் அக்கலேசியாவின் மூன்றாம் வகை (உணவுக்குழாய்த் தசை இழுத்துப் பிடிக்கும் வகை) என்று வந்தால் தசையை நீளமாக வெட்ட வேண்டியிருக்கும். அதற்கு வாய்வழியே வசதி. மற்ற வகை என்றால், அறுபது ஆண்டு எதுக்களிப்போடு வாழப்போகும் வயதில் நான் ஹெல்லர் முறைப் பக்கம் சற்றே சாய்வேன்.

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். நுரையீரல் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இரண்டு நாள் முன்பு பீடியை விட்டால் போதுமா?

பதில்: போதாது. குறைந்தது நான்கு வாரம் வேண்டும். அதற்குள் நாள் குறித்திருந்தாலும் இன்றே விடுங்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், தேதியை மாற்றலாமா என்று அவர் முடிவு செய்யட்டும். மருந்துக்கடையில் மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் மூச்சுப் பயிற்சிக் கருவி கிடைக்கும். அதில் ஊத வேண்டாம், உறிஞ்ச வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, பந்து மேலே நிற்கும்படி மெதுவாக உறிஞ்சி மூன்று எண்ணும்வரை பிடித்து, மணிக்குப் பத்து முறை. அறுவைக்கு மறுநாள், நெஞ்சுக்குள் சேரும் காற்றையும் நீரையும் வெளியேற்றும் டியூபோடும் அது போய்ச் சேரும் தண்ணீர் பாட்டிலோடும் எழுந்து உட்காரும்போது, இந்தப் பயிற்சி கைவசம் இருந்தால்தான் வலியை மீறி இரும முடியும். பாட்டிலை எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே வைத்திருங்கள்.