கூட்டினால் விகிதம் மாறிவிடும்

"அரிசியும் உளுந்தும் 4:1, உளுந்து 3 கரண்டி என்றால் அரிசி எவ்வளவு?" என்ற கணக்குக்கு உங்கள் மகள் 6 என்று எழுதியிருக்கிறாள். இது கவனக்குறைவு இல்லை. உளுந்தில் 2 கூடியதால் அரிசியிலும் 2 கூட்டியிருக்கிறாள். அவள் யோசித்திருக்கிறாள், எனவே திட்டாதீர்கள்.

சமையலறைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு கிண்ணத்தில் 4 கரண்டி அரிசியும் 1 கரண்டி உளுந்தும் போடட்டும். அதேபோல இன்னும் இரண்டு கிண்ணம். மூன்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்: அரிசி 12, உளுந்து 3. 4:1, 8:2, 12:3 மூன்றும் ஒரே இட்லி மாவுதான். அவள் எழுதிய 6:3 என்பது சுருக்கினால் 2:1. அது வேறு மாவு! இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை மறக்காது.

"மொத்தம் 20 கரண்டி" என்று வந்தால் மட்டும் கூட்டல் உண்டு, ஆனால் பங்குகளைத்தான் கூட்ட வேண்டும். 4 + 1 = 5 பங்கு; 20 ÷ 5 = 4. ஆகவே அரிசி 16, உளுந்து 4. கேள்வியில் தந்திருப்பது மொத்தமா, ஒரு பொருளின் அளவா என்று முதலில் அடிக்கோடிடப் பழக்குங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான்.