ஃபேன்டசி ஃபுட்பால் டிராஃப்டில் பேக்கப் ரன்னிங் பேக்கை எப்படி எடைபோடுவது?

கேட்டது அமெரிக்கக் கால்பந்தின் (என்.எஃப்.எல்.) நிஜ வீரர்களை டிராஃப்டில் முறைபோட்டுத் தேர்ந்து, அவர்கள் ஆட்டத்துக்குப் புள்ளி சேர்க்கும் விளையாட்டில் 12 பேர் லீக், பி.பி.ஆர். கணக்கு (ஒவ்வொரு கேட்சுக்கும் ஒரு புள்ளி), 15 சுற்று டிராஃப்ட் பற்றி. கடைசி ஐந்தாறு சுற்றுகளில் எந்த பேக்கப் ரன்னிங் பேக்கை (ஸ்டார்ட்டர், அதாவது முதல்நிலை ஆள், ஆடாதபோது பந்தோடு ஓட வரும் மாற்றாள்) எடுப்பது, எதை வைத்து முடிவு செய்வது என்பது கேள்வி.

முதலில் ஆளை விடுங்கள், அவர் காத்திருக்கும் நாற்காலியைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் நாளைக்கே கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை கேரி (பந்தோடு ஓடும் வாய்ப்பு), எத்தனை கேட்ச் (எறிந்த பந்தைப் பிடிப்பது) காலியாகும்? அதில் எவ்வளவு இந்த ஒருவரிடம் வந்து சேரும்? வேகம், கல்லூரிக் காலப் பெருமை, ஹைலைட் வீடியோ எல்லாம் அதற்கப்புறம்தான்.

கணக்காகவே பார்ப்போம்: 10 யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு 6. 15 கேரி, கேரிக்கு 4.2 யார்டு என்றால் 6.3 புள்ளி. 3 கேட்சில் 22 யார்டு என்றால் 5.2. இரண்டு ஆட்டத்துக்கு ஒரு டச்டவுன் வந்தால் சராசரி 3. மொத்தம் 14.5. சுமாரான ஓட்டக்காரரே இந்த வேலை கிடைத்தால் உங்கள் அணியில் தைரியமாக இறங்கலாம். அபாரமான திறமைசாலி 7 கேரி, 1 கேட்சோடு நின்றால் பெஞ்ச்தான்.

2020இல் கரோலினாவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி காயத்தால் 3 ஆட்டம்தான் ஆடினார். அவர் இடத்துக்கு வந்த மைக் டேவிஸ் அதற்கு முன் அணி அணியாக மாறி வந்தவர். நட்சத்திரம் என்று யாரும் சொன்னதில்லை. அந்த சீசனில் 59 கேட்ச், 8 டச்டவுன். மெக்காஃப்ரிக்காக வகுத்த ஆட்டத் திட்டம் அப்படியே இருந்தது, அதற்குள் டேவிஸ் போய் நின்றார். 2018இல் பிட்ஸ்பர்க்கில் லெவியான் பெல் சம்பளத் தகராறில் சீசன் முழுக்க வராமல் போக, ஜேம்ஸ் கானர் 13 ஆட்டத்தில் 973 யார்டும் 12 ஓட்ட டச்டவுனும் எடுத்த கதையும் இதே வகை.

வேலையை ஏற்கெனவே இரண்டு மூன்று பேருக்குப் பங்குபோடும் அணியில் இந்தக் கணக்கு செல்லாது. தேர்ட் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) பாஸ் பிடிக்க ஒருவர், கோல் லைனில் (டச்டவுன் கோட்டருகே) முட்டித் தள்ள ஒருவர் என்று இருந்தால், ஸ்டார்ட்டர் விழுந்தாலும் பாஸ் பிடிப்பவர் பெரும்பாலும் தன் பங்கிலேயே இருப்பார். மூன்றாவதாக இருந்த கனத்த ஆள் எழுந்து வந்து முதல் இரண்டு டவுனை எடுத்துக்கொள்வார். டெப்த் சார்ட்டில் (அணியின் வீரர் வரிசைப் பட்டியல்) ‘நம்பர் 2’ என்று போட்டிருப்பது இதைச் சொல்லாது. போன சீசனில் ஸ்டார்ட்டர் ஆடாத ஆட்டங்களைத் தேடி எடுங்கள். தேர்ட் டவுனில் யார் நின்றார், 5 யார்டு கோட்டுக்குள் பந்து யாரிடம் போனது என்று பாருங்கள். பயிற்சியாளர் மாறியிருந்தால் அவருடைய பழைய அணியில் இதையே தேடவும்.

பலர் தவறவிடுவது பாஸ் ப்ரொடெக்‌ஷன். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கி பிளிட்ஸில் பாய்ந்து வரும் லைன்பேக்கரை (எதிரணித் தடுப்பாளர்) மறிக்கத் தெரியாத புதுமுகத்தை நம்பி எந்தப் பயிற்சியாளரும் குவார்ட்டர்பேக்கைப் பணயம் வைக்க மாட்டார். அந்தப் பையன் பந்தோடு பறந்தாலும் தேர்ட் டவுனில் வெளியேதான் நிற்பான். பி.பி.ஆரில் கேட்ச் போனால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பு போச்சு.

என்.எஃப்.எல். டிராஃப்டில் அணி எந்தச் சுற்றில் எடுத்த ஆள் என்பதையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். 2021இல் சான்ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் மூன்றாம் சுற்றில் ட்ரே செர்மனையும் ஆறாம் சுற்றில் எலைஜா மிட்செலையும் எடுத்தது. ஃபேன்டசி ஆட்கள் செர்மன் பின்னால் ஓடினார்கள். முதல் வாரம் செர்மன் காயமே இல்லாமல் இனாக்டிவ் (அன்று ஆடாதோர்) பட்டியலில்! ஸ்டார்ட்டர் ரஹீம் மாஸ்டர்ட் சீக்கிரமே காயப்பட்டு வெளியேற, மிட்செல் 104 யார்டு ஓடினார். சீசன் முடிவில் 963.

ப்ரீசீசன் பயிற்சி ஆட்டங்களில் யார்டைப் பார்க்காமல், எப்போது, யாரோடு ஆடினார் என்று பாருங்கள். நான்காம் குவார்ட்டரில் 80 யார்டு ஓடியவர் அணியிலிருந்தே வெட்டப்படலாம். ஸ்டார்ட்டர்களோடு சேர்த்து ஓரமாக உட்காரவைக்கப்பட்ட பேக்கப்தான் கவனிக்க வேண்டியவர். முதல்நிலை குவார்ட்டர்பேக்கோடு தேர்ட் டவுனில் இறங்குபவருக்கும் ஒரு டிக் போடுங்கள்.

சீசன் தொடங்கிய பின் கேரியைவிட ஸ்னாப் (ஒருவர் எத்தனை முறை களத்தில் நின்று ஆடினார் என்பது) உண்மை சொல்லும். 2023 முதல் வாரம் ராம்ஸ் அணியில் கேம் ஏக்கர்ஸ் 22 கேரியில் 29 யார்டு. ஆனால் அதிக ஸ்னாப் ஆடியவர் கைரன் வில்லியம்ஸ், டச்டவுனும் இரண்டு. அடுத்த வாரம் ஏக்கர்ஸ் இனாக்டிவ், பிறகு மினசோட்டாவுக்கு டிரேடு. வில்லியம்ஸ் 12 ஆட்டத்தில் 1,144 யார்டு எடுத்தார். முதல் வாரம் கேரி எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்கள் வெய்வரில் (யாரும் எடுக்காத வீரர்கள் பட்டியல்) அவரைக் கண்டுகொள்ளவில்லை.

விலைக்கு வருவோம். மினசோட்டாவில் அலெக்சாண்டர் மேட்டிசன் டால்வின் குக்கின் பேக்கப்பாக இருந்தவரை நல்ல பேரம். 2021இல் குக் இல்லாத ஆட்டங்களில் இரண்டில் ஓடியே 100 யார்டு தாண்டினார். 2023இல் குக் போய் இவரே ஸ்டார்ட்டர் ஆனதும் டிராஃப்டில் விலை ஏறியது. கிடைத்தது 180 கேரியில் 700 யார்டு, ஓட்ட டச்டவுன் ஒன்றுகூட இல்லை. இரண்டு ஆட்டம் பார்த்து சீசன் முழுக்க வேலை தாங்குவார் என்று எண்ணியதுதான் பிழை. ஆகவே சிறந்த பேக்கப்புக்கும் 9ஆம் சுற்றுக்கு முன் கை வைக்காதீர்கள். மற்றவர்களை 12க்குப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் ஸ்டார்ட்டரின் பேக்கப்பையே எடுக்கலாமா? டிராஃப்டில் வேண்டாம் என்பேன். அவர் எழுந்தால் நீங்கள் இழந்ததில் கொஞ்சம் திரும்ப வரும், அவ்வளவுதான். அடுத்தவரின் நட்சத்திரத்துக்குப் பின்னால் நிற்பவர் எழுந்தால் உங்களுக்கு ஒரு ஆள் கூடுதல். இன்னொரு சின்ன வேலை: லீக் விதி இடம் கொடுத்தால், ஆகஸ்ட் நடுவில் நடக்கும் டிராஃப்டில் கிக்கரை எடுக்காமல் அந்த இடத்தில் இன்னொரு பேக்கப்பை வைத்திருங்கள். முதல் ஆட்டத்துக்கு முன் யாராவது காயப்பட்டால் லாபம். இல்லையென்றால் விட்டுவிட்டு கிக்கரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பை வீக்குகள் (அணிகளுக்கு ஆட்டமில்லாத ஓய்வு வாரங்கள்) முடிந்த பிறகு இந்தக் கணக்கு தலைகீழ். பெஞ்சில் நான்காவது ரிசீவருக்கு இனி வேலையில்லை; அவரை விட்டுவிட்டு உங்கள் ஸ்டார்ட்டரின் பேக்கப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை அணிகள் யாரைப் புதிதாக ஒப்பந்தம் செய்கின்றன என்றும் பாருங்கள். 2018 டிசம்பர் 18இல் ராம்ஸ் எடுத்த சி.ஜே. ஆண்டர்சன் அதுவரை அவர்கள் டெப்த் சார்ட்டிலேயே இல்லை. பேக்கப் மால்கம் பிரவுனும் ஏற்கெனவே காயத்தில் வெளியே. ஸ்டார்ட்டர் டாட் கர்லி முழங்கால் காயத்தால் ஆடாமல் போக, அந்த ஞாயிறு ஆண்டர்சன் 167 யார்டு ஓடினார். பல லீக்குகளுக்கு அதுதான் இறுதிப்போட்டி வாரம்.