அர்ஜன் சிங்குக்கு ஐந்து நட்சத்திரம் எதற்கு?

கேள்வி: 1965 போரில் பாகிஸ்தானை விட நாம்தான் அதிக விமானங்களை இழந்தோம். அப்போது விமானப்படைத் தளபதியாக இருந்த அர்ஜன் சிங்குக்கு எதற்கு ஐந்து நட்சத்திர மார்ஷல் பட்டம்? நெடுநாள் உயிரோடு இருந்ததற்கா?

பதில்: 2015 ஜூலையில் கலாமின் உடல் டெல்லி பாலம் விமான நிலையத்துக்கு வந்தபோது, சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நின்று சல்யூட் அடித்தாரே, அந்த 96 வயதுக்காரரைத்தானே கேட்கிறீர்கள்?

சரி, விமானக் கணக்கு நீங்கள் சொன்னதுதான். செப்டம்பர் 6 அன்று பாகிஸ்தான் தாக்குதலில் பதான்கோட் விமானத் தளத்தில் மிக்-21 உட்படப் பல விமானங்கள் கிளம்பாமலே, தரையில் நின்றபடி எரிந்தன. இதற்குச் சப்பைக்கட்டு கட்ட நான் வரவில்லை. ஆனால் அவர் கைக்கு வந்த படை எப்படி இருந்தது என்பதையும் பாருங்கள். 1962 சீனப் போரில் போர் விமானங்களைத் தாக்குதலுக்கு அனுப்பவே அரசு துணியவில்லை. 1964 ஆகஸ்டில், 45 வயதில், அந்தப் படைக்குத் தளபதியாகிறார். 13 மாதத்தில் போர். செப்டம்பர் 1 அன்று ஜம்முவின் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் அக்னூர் பாலத்தைக் குறிவைத்து வந்துகொண்டிருக்க, எவ்வளவு நேரத்தில் தாக்க முடியும் என்று பாதுகாப்பு அமைச்சர் சவாண் கேட்கிறார். ஒரு மணி நேரம் என்கிறார் இவர். அதற்குள் விமானங்கள் கிளம்பிவிட்டன. முதலில் போனவை வாம்பயர் ரக விமானங்கள், 1940களின் சரக்கு, அன்று மாலையே நான்கை இழந்தோம். அந்தக் கிழட்டு விமானங்களையா முதலில் அனுப்புவது என்று கேட்டிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்திருப்பேன்.

அப்புறம் அவர் 1969 ஜூலை வரை பதவியில் இருந்தார், இதை யாரும் பேசுவதில்லை. போர் கற்றுக்கொடுத்த பாடத்தில், விமானங்களைத் திறந்தவெளியில் வரிசையாக நிறுத்தும் வழக்கம் போய்த் தடுப்புச் சுவர்களும் காப்பறைகளும் வந்தன, சுகோய்-7 போர் விமானம் வந்தது. அதையெல்லாம் வைத்து 1971 போரில் அறுவடை செய்தவர் அப்போதைய விமானப்படைத் தளபதி பி.சி. லால், 1965-ல் இவருக்குத் துணைத் தளபதியாக இருந்தவர்.

உயிரோடு இருந்ததற்கா என்ற உங்கள் குத்தலில் பாதி நியாயம் உண்டு. அது அரசுக்குப் போய்ச் சேர வேண்டியது. ஓய்வு பெற்று 30 வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 2002-ல்தான் இவருக்குப் பட்டம். தரைப்படைத் தளபதியாக இருந்த கரியப்பாவுக்கும் இதற்கு இணையான ஃபீல்ட் மார்ஷல் பட்டத்தை 33 வருடம் கழித்து 1986-ல்தான் கொடுத்தார்கள். 1971 போரின் தரைப்படைத் தளபதி மானெக்‌ஷாவுக்கு மட்டும் 1973 ஜனவரியிலேயே, பதவியில் இருக்கும்போதே. அதே போரில் வானத்தைப் பார்த்துக்கொண்ட லாலுக்கு நான்கு நட்சத்திரத்தோடு சரி, 1982-ல் இறந்தும் போனார். பட்டம் வாங்கியவரிடமிருந்து பிடுங்கச் சொல்வதை விட்டு, லாலுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டு எழுதுங்கள், முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.