இந்தியால பி.ஃபார்ம் முடிச்சிட்டு கனடால திரும்ப ஃபார்மசி காலேஜ் சேரணுமா?

கேள்வி என்னன்னா, இங்க பி.ஃபார்ம் படிச்சவங்க கனடால ஃபார்மசிஸ்ட் ஆக மறுபடி ஃபார்ம்.டி (அங்க ஃபார்மசிஸ்ட் ஆக படிக்கற டிகிரி) சேரணுமாங்கறதுதான். அவசியமில்லங்க. அங்க ஃபார்ம்.டி 4 வருஷம், சீட்டுக்கு அடிதடி, யுபிசி (பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டி) மாதிரி இடத்துல பிஆர், அதாவது அங்க நிரந்தரமா தங்கற உரிமை, இல்லன்னா அப்ளையே பண்ண முடியாது. இருக்கற டிகிரிய வெச்சே எக்ஸாம் எழுதி லைசென்ஸ் வாங்கற ரூட்தான் நமக்கு சரி.

முதல்ல ஃபார்மசிஸ்ட்ஸ் கேட்வேங்கற வெப்சைட்ல பேர் பதிஞ்சு நம்பர் வாங்கணும், அப்புறம் பிஇபிசில (கனடாவோட ஃபார்மசி எக்ஸாம் போர்டு) டாக்குமெண்ட் செக், இங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க, ஏன்னா சில பேப்பர் யுனிவர்சிட்டிலேருந்து நேரா அவங்களுக்கே போகணும், நம்ம ஆபீஸ் கிளார்க் "அடுத்த வாரம் வாங்க"ன்னு எத்தனை வாரம் சொல்வார்னு உங்களுக்கே தெரியும், அதனால ஊர்ல இருக்கும்போதே முடிச்சிடுங்க.

அடுத்து எவால்யுவேட்டிங் எக்ஸாம், அப்புறம் குவாலிஃபையிங் ரெண்டு பார்ட். முதல் பார்ட் எம்சிக்யூ, படிச்சா வந்துடும். ரெண்டாவது ஓஎஸ்சிஇ, அதாவது நேர்ல செஞ்சு காட்டற எக்ஸாம், அதுதான் வேற லெவல். ஒரு ரூம்ல நடிகர் ஒருத்தர் பேஷண்டா உக்காந்து முட்டி வலிக்கு ஐபுப்ரோஃபென் கேப்பார், அவர் வார்ஃபரின் (ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை) போடறார்ங்கறத நீங்கதான் கேட்டு வாங்கணும், கேக்காம எடுத்துக் குடுத்தீங்க, போச்சு. ரத்தப்போக்கு ரிஸ்க்க பயமுறுத்தாம சொல்லி மாத்து மருந்தும் சொல்லணும், எல்லாம் சில நிமிஷத்துல. நம்மூர்ல கவுன்சிலிங் பழக்கமே கம்மி, அதான் திணறுவோம்.

இதுக்குன்னே டொரன்டோ யுனிவர்சிட்டில ஐபிஜின்னு (இன்டர்நேஷனல் ஃபார்மசி கிராஜுவேட்) பிரிட்ஜிங் கோர்ஸ் இருக்கு, வெளிநாட்டுல படிச்சவங்கள அங்கத்த முறைக்கு தயார் பண்றது. பணம் அதிகம்தான், ஆனா ஒண்டாரியோ போறவங்களுக்கு வொர்த். கியூபெக்னா கதையே வேற, பிஇபிசி கிடையாது, ஃபிரெஞ்ச் வேணும்.