விலை குறைந்தது, அதுதான் வில்லங்கம்

கேள்வி: தேயிலைக்கு வரியை ஏற்றி விலையைக் கூட்டியதால்தான் பாஸ்டன் மக்கள் 1773-இல் அதைக் கடலில் கொட்டினார்கள், அதிலிருந்து அமெரிக்கச் சுதந்திரப் போர் மூண்டது என்று படித்திருக்கிறோம். அந்த அற்ப வரியை லண்டன் விட்டுக்கொடுத்திருந்தால் போரே வந்திருக்காது அல்லவா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: விலை கூடவில்லை ஐயா, குறைந்தது. ராத்தலுக்கு (சுமார் 450 கிராம்) 3 பென்ஸ் என்ற அந்த வரி 1767-லேயே போட்டது. 1773-இன் தேயிலைச் சட்டம் அதில் ஒரு பென்னிகூட ஏற்றவில்லை. அமெரிக்காவுக்குப் போகும் தேயிலைக்கு இங்கிலாந்தில் கட்டிய இறக்குமதித் தீர்வையைத் திருப்பிக் கொடுத்தது. லண்டன் ஏலத்தையும் இடைத் தரகர்களையும் தாண்டி, கிழக்கிந்தியக் கம்பெனி தன் முகவர்களுக்கு நேராகச் சரக்கு அனுப்பலாம் என்றது. டச்சுக்காரர்களிடமிருந்து கள்ளத்தனமாக வந்த தேயிலையோடு இனி கம்பெனித் தேயிலை விலையில் மோத முடியும்.

லண்டனுக்கு இந்தத் தாராளம் சும்மா வரவில்லை. கம்பெனியின் லண்டன் கிட்டங்கிகளில் சுமார் 1.7 கோடி ராத்தல் தேயிலை விற்காமல் கிடந்தது. 1769-இல் ஹைதர் அலி சென்னையின் வாசல்வரை வந்துவிட்ட செய்தியிலேயே கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. அடுத்து வங்காளப் பஞ்சம். 1773-இல் அரசாங்கத்திடம் 14 லட்சம் பவுன் (பிரிட்டிஷ் பணம்) கடன் வாங்கித்தான் கம்பெனி மூச்சுவிட்டது. (கொட்டியது இந்தியத் தேயிலை என்று எழுதுகிறவர்களும் உண்டு. அத்தனையும் கான்டனில் ஏற்றிய சீனச் சரக்கு. அஸ்ஸாம் தேயிலை வர இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் இருந்தது.)

அப்படியானால் மலிவுச் சரக்கை ஏன் கொட்டினார்கள்? அந்த 3 பென்ஸ் யார் பைக்குப் போனது என்று பாருங்கள். அதுவரை, பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸின் ஆளுநருக்குச் சம்பளம் ஒதுக்கியது அந்த மாகாணச் சட்டசபை. ஆளுநர் முறைத்தால் சம்பளத்தை இழுத்தடிக்கலாம். குடியேற்றக்காரர்கள் கையில் இருந்த ஒரே கடிவாளம் அதுதான். 1767-இன் வரிகள் வந்தபின் ஆளுநருக்கும், 1772 முதல் உயர் நீதிபதிகளுக்கும் சம்பளத்தை அந்த வரிப் பணத்திலிருந்து அரசரே கொடுப்பார் என்று ஏற்பாடானது. தலைமை நீதிபதி பீட்டர் ஆலிவர் அரசர் சம்பளத்தை விட மறுத்தபோது, 1774-இல் சட்டசபை அவர்மேல் குற்றச்சாட்டுத் தீர்மானம் கொண்டுவந்தது. ஜூரிகள் அவர் முன்னால் உட்கார மாட்டோம் என்றார்கள். மலிவுத் தேயிலையை ஊரே வாங்கிக் குடித்தால் இந்தச் சம்பளக் கஜானா தானாக நிரம்பும். கள்ளக்கடத்தல் வியாபாரிகளுக்குப் பிழைப்பு போகுமே என்ற கவலையும் இருந்தது, அதை மறைப்பானேன்?

பாஸ்டனில் கொட்டியது 342 பெட்டி, சுமார் 92,000 ராத்தல். 3 பென்ஸ் வீதம் (அன்று ஒரு பவுனுக்கு 240 பென்ஸ்) கணக்குப் போட்டால் மொத்த வரி 1,150 பவுன். நஷ்டம் என்று கம்பெனி சொன்ன தொகை 9,659 பவுன்.

திருப்பி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பிலடெல்பியாவில் அதைத்தான் செய்தார்கள். அங்கே 'பாலி' கப்பலை ஊருக்கு வரும் வழியில் ஆற்றிலேயே மறித்து, சுங்கத்தில் பதிவு ஆவதற்கு முன்பே திருப்பிவிட்டார்கள். பாஸ்டனில் 'டார்ட்மவுத்' நவம்பர் 28-இல் துறைமுகத்துக்குள் வந்து, சுங்கத்திலும் பதிவாகிவிட்டது. பதிவானால் தீர்வை கட்டாமல் வெளியேற முடியாது. 20 நாளில் கட்டாவிட்டால் சுங்கத்தார் சரக்கைக் கைப்பற்றலாம். அதாவது டிசம்பர் 17. சுங்கச் சீட்டு இல்லாமல் கப்பலை விடமாட்டேன் என்று ஆளுநர் ஹட்சின்சன் 16-ஆம் தேதி மாலை கடைசியாகக் கை விரித்தார். அன்றிரவே தேயிலை கடலில். சரக்கை விற்க வேண்டிய முகவர்களில் அவருடைய இரண்டு மகன்களும் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். இன்னொரு துறைமுகமான சார்ல்ஸ்டனில் அந்த 20 நாள் கெடு தாண்டியது. சுங்கத்தார் பெட்டிகளை எடுத்து எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் நிலவறையில் பூட்டினார்கள். பின்னால் அந்தத் தேயிலையை விற்றுப் புரட்சிச் செலவுக்கே எடுத்துக்கொண்டது வேறு விஷயம்.

கொட்டுவதும் லேசான வேலையில்லை. போஹீ ரகப் பெட்டி ஒன்று சுமார் 350 ராத்தல். உள்ளே ஈயத்தகடு அடித்தது. அப்படியே உருட்டிவிட்டால் ஈரம் படாத தேயிலையை யாராவது அள்ளிக்கொண்டு போவார்கள். எனவே அடித்தளத்திலிருந்து கப்பி போட்டுத் தூக்கி, கோடரியால் பிளந்து, தேயிலையைக் கொட்டிப் பெட்டியையும் தள்ளினார்கள். டார்ட்மவுத்தும் வேறு இரண்டும் சேர்ந்த மூன்று கப்பலுக்கும் சுமார் மூன்று மணி நேரம். அப்போது கடல் வற்றியிருந்தது. தேயிலை கப்பலோரம் குவியலாக நின்றுவிட, அதை மிதித்துக் கலைக்க வேண்டியதாயிற்று. வேறு எதிலும் கை வைக்கவில்லை. உடைந்த ஒரு பூட்டுக்குப் பதில் பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள்.

லண்டன் இதற்குக் கொடுத்த பதில்தான் போருக்குக் கொண்டுபோனது. 1774 ஜூன் 1-இல் பாஸ்டன் துறைமுகத்தை அடைத்தார்கள். அதைவிட மோசமானது மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம்: மேலவையை இனி அரசரே நியமிப்பார், ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான், மேற்கொண்டு கூட்ட ஆளுநர் அனுமதி வேண்டும். தேயிலையைத் தொடாத உள்நாட்டு விவசாயியும் அன்றுதான் எழுந்தான். அந்த இலையுதிர் காலத்திலேயே பாஸ்டனுக்கு வெளியே மாவட்ட நீதிமன்றங்களைக் கூடவிடாமல் மறித்தார்கள். செப்டம்பரில் பிலடெல்பியாவில் 12 குடியேற்றங்களின் காங்கிரஸ் (பிரதிநிதிகள் மாநாடு) கூடியது. 1775 ஏப்ரல் 19-இல் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது, போர் மூண்டது.

வரியை விட்டுக்கொடுத்திருந்தால் என்கிறீர்களே, விட்டுக்கொடுத்தார்கள். 1778-இல் நாடாளுமன்றம் அந்த 3 பென்ஸை ரத்து செய்தது, வருவாய்க்காக இனி வரி போடமாட்டோம் என்று சட்டமே இயற்றியது. அதற்குள் ஒரு பிரிட்டிஷ் சேனை சரடோகாவில் சரணடைந்திருந்தது. பிரான்ஸ் அமெரிக்கர்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. சமாதானம் பேச வந்த கார்லைல் பிரபு ஜூனில் பிலடெல்பியாவில் இறங்கியபோது, அவருடைய சொந்தச் சேனையே ஊரைக் காலி செய்ய மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.